அளவெடுக்கப் போன வேட்பாளர்

இப்போதெல்லாம் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் இன்டர்பிரட்டர்கள் பலர் நீதிமன்றத்துக்கு நேரில் போவதில்லையாம். வீட்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பின்னால் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டு, வீடியோவிலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "ஆன்ட்டி, நீங்கல்லாம் அவ்ளோ தூரம் டிரைவ் பண்ணி நேர்ல போனீங்களே, அதுல அப்படி என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தேன். கட்டைவிரல் வலித்ததே தவிர பதில் முடியவில்லை. அதனால் போனை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நாங்கள் சத்தியம் செய்துகொடுத்து வேலை பார்த்தவர்கள். அதனால் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் பெண் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்று சொல்லப்போவதே இல்லை. நம் ஆட்கள் பேச்சைக் கேட்டாலே ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், அந்தப் பெண்ணின் பேச்சையும் நம்மூர்ப் பேச்சாகவே எழுதுகிறேன். உரியவரிடம் அனுமதி வாங்கியாயிற்று. இதற்குமேல் யாரும் துப்பறிய வேண்டாம்.

நான் பாளையங்கோட்டைக்காரி. சென்னையில் ஒரு வங்கியில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் வேலையால் நியூ ஜெர்சிக்கு வந்தவள். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. எங்கள் சர்ச்சுக்கு வரும் டாக்டர் ஒருவர், தன் ஆஸ்பத்திரிக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். போனேன். அங்கிருந்து டிராஃபிக் கோர்ட், குடும்பக் கோர்ட், கடைசியில் குடியேற்ற நீதிமன்றம். நடுவில் பயிற்சி வகுப்பு, பரீட்சை, ஒருமுறை ஃபெயில் எல்லாம் உண்டு. அதைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் திருமதி டுவார்ட்டே. போர்ச்சுகீசியம் பேசுகிறவர். எங்களையெல்லாம் மேற்பார்வை பார்ப்பது அவர் பொறுப்பு. எந்த வெயிலிலும் நீலக் கார்டிகன் ஸ்வெட்டர் போட்டிருப்பார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கு முடிந்ததும் இரண்டே வாக்கியத்தில் நம்மைக் கிழித்துப் போடுவார். பாராட்டு என்ற சமாச்சாரமே அவரிடம் கிடையாது. ஒருமுறை சாட்சி சொன்ன பெண்மணி அழுதார் என்று பக்கத்திலிருந்த டிஷ்யூவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் டுவார்ட்டே கேட்டார்: "நீ கொடுத்த டிஷ்யூ எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு?" அன்று முழுக்க எனக்கு அவர்மேல் ஆத்திரமாக இருந்தது.

அவருடைய விதிகள் கறாரானவை. சாட்சி "நான்" என்றால் நாமும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று ஆரம்பிக்கக் கூடாது. நமக்கே ஏதாவது சந்தேகம் வந்தால் நம்மை "நான்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. "இன்டர்பிரட்டர் விளக்கம் கேட்கிறார்" என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது கட்சிக்காரரின் காதோரம் குனிந்து, அவர்கள் பேசப் பேசவே தமிழில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, விளக்கக் கூடாது. இடைவேளையில் கட்சிக்காரர் பக்கத்தில் உட்காரக் கூடாது, பேசக் கூடாது. என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையிலிருந்து, "இன்டர்பிரட்டருக்குக் காபி வேணுமா?" என்று குரல் வரும்.

நம் ஜனங்களை வைத்துக்கொண்டு இந்த விதிகளைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. டிராஃபிக் கோர்ட்டில் ஒரு தாத்தா, மகன் வீட்டுக்கு வந்தவர், ஸ்டாப் சைனில் நிற்காமல் போனதற்காக வந்திருந்தார். நீதிபதி, "அந்த போர்டைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். தாத்தா என் பக்கம் திரும்பி, "நீ எந்த ஊரும்மா? பேச்சு திருநெல்வேலி மாதிரி இருக்கே" என்றார். விதி விதிதானே. அதையும் நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டு, ஊர் விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். அதைத் தாத்தாவிடம் தமிழில் சொன்னேன்.

குடியேற்ற நீதிமன்றத்தில் யாரும் சிரிப்பதில்லை. அடைக்கலம் கேட்டு வருகிறவரை அங்கே எத்தனையோ விதமாகக் கேள்வி கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: நீ சொல்வதை நம்பலாமா? நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால், எந்த இடத்திலிருந்து தப்பி வந்தாரோ அங்கேயே திரும்ப வேண்டும்.

ராஜாத்தி அப்படி வந்தவர். அப்போது நாற்பதைத் தாண்டியிருப்பார். ஒல்லியான உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை. சொந்த ஊரில் தையல் கடை வைத்திருந்தார். நகராட்சித் தேர்தலில் தன் வார்டில் எதிர்க்கட்சி வேட்பாளராக நின்றார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"அங்க எதிர்க்கட்சிக்குத் தடை இருக்கா?" என்பது அவருடைய வக்கீலின் முதல் கேள்வி. இலவச சட்ட உதவி மையத்திலிருந்து வந்த, நல்ல மனசுக்கார அம்மா அவர்.

"தடையெல்லாம் கிடையாது. யாரு வேணா நிக்கலாம். ஜெயிக்கத்தான் கூடாது" என்றார் ராஜாத்தி.

எப்படி ஓட்டுக் கேட்டார் என்று அந்த அம்மா விவரமாகக் கேட்டார். ராஜாத்தி சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எதிர்க்கட்சி நோட்டீஸ் என்றால் மட்டும் ஊரிலுள்ள அச்சகங்களில் மெஷின் ரிப்பேர் ஆகிவிடும். கூட்டம் போட மண்டபம் கேட்டால் அன்றைக்கு மட்டும் கல்யாணம் இருக்கும். மைக் செட்டுக்கு எழுதிக்கொடுத்த அனுமதி, ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள் வந்தது. யாராவது அவரோடு தெருவில் நின்று பேசினால், சாயங்காலம் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரிப்பார்கள். அதனால் அவர் தெருவில் யாருடனும் பேசுவதில்லை. இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ரவிக்கைக்கு அளவெடுக்கப் போவதுபோல வீடு வீடாகப் போனார்.

"அளவெடுத்துக்கிட்டே பேசுவேன். சாக்கடை அடைச்சுக் கெடக்கு, தெருவிளக்கு எரியலன்னு அவங்களே சொல்லுவாங்க. ஆமா, பண்ணணும்னு நான் சொல்லுவேன். அவ்வளவுதான்."

குறுக்கு விசாரணை செய்த அரசு வக்கீல் சின்னப் பையன். மரியாதையாகத்தான் கேட்டார். "எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லையா?"

"ஒரு தடவகூடச் சொன்னதில்ல."

"பிறகு நீங்கள் வேட்பாளர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கொடுத்த சின்னம் கத்திரிக்கோல். அளவெடுக்க ஆரம்பிக்கும்போது பையிலேருந்து கத்திரிக்கோல எடுத்து மேசை மேல வெச்சிடுவேன். அளவெடுக்கறதுக்குக் கத்திரிக்கோல் எதுக்கு? அவங்களுக்குப் புரிஞ்சிடும். கெளம்பும்போது எடுத்து உள்ள வெச்சிக்குவேன்."

"ஒரு புகைப்படம்கூட இல்லையே?"

"எடுக்க விடமாட்டேன். என்கூட நிக்கிறவங்க மூஞ்சி அதுல இருக்கும்ல?"

அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு ஓட்டு வாங்கிவிட்டார். ஆளும் கட்சிக்கு அதுவே பொறுக்கவில்லை. இத்தனை பேர் யார், எந்தெந்த வீடு என்று கேட்டு அவரைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. இங்கே ஒரு டாக்டர் பார்த்து, எலும்பு முறிந்து சரியாகச் சேராத விரல்கள் என்று எழுதிக்கொடுத்திருந்தார். எப்படி முறிந்தது என்று டாக்டரால் எப்படிச் சொல்ல முடியும்?

இவ்வளவு தூரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் நம் ஆட்களின் கைங்கரியம் வந்தது.

ராஜாத்தி தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்கா கணவர் சந்திரன், ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், தங்கமான மனிதர். மச்சினி வந்து சேர்ந்த புதிதில், பக்கத்து ஊர் ஹால் ஒன்றை வாடகைக்கு எடுத்து அவருக்குப் பாராட்டு விழா நடத்தியிருக்கிறார். பேனர் இல்லாமல் பிறந்தநாள்கூடக் கொண்டாடத் தெரியாதவர்கள் நாம். ஆளுயரத்தில் பேனர், மாலை, பொன்னாடை, பிறகு சாம்பார் சாதம். அந்த விழாவின் போட்டோவை அவரே ஆர்வமாகக் கொண்டுபோய் வக்கீலம்மாவிடம் கொடுத்திருக்கிறார். தமிழ் படிக்கத் தெரியாத அந்த அம்மாவும், சமூகத்தின் ஆதரவுக்கு அத்தாட்சி என்று அதை வழக்குக் கட்டில் சேர்த்துவிட்டார்.

அரசு வக்கீல் அந்தப் போட்டோவைத்தான் எடுத்தார். பின்னால் இருக்கும் எழுத்துக்கு மொழிபெயர்ப்பு இணைக்கவில்லை, இன்டர்பிரட்டர் படித்துச் சொல்லட்டும் என்றார். நீதிபதி தலையசைத்தார். போட்டோ என் கைக்கு வந்தது.

"வீரமங்கையே! மக்கள் தலைவியே! எங்கள் ஊரின் முன்னாள் நகராட்சித் தலைவர் ராஜாத்தி அவர்களே! வருக! வருக!"

நம் விழாக்களில் இது சகஜம் என்று தமிழ் தெரிந்த யாருக்கும் தெரியும். எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவில் மைக் வயரைச் சரிசெய்து கொடுத்த என் வீட்டுக்காரரையே "மின்னணு மேதை" என்று மேடையில் அழைத்தார்கள். நானும் கைதட்டினேன். ஆனால் இன்டர்பிரட்டர் விளக்கக் கூடாது. உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் படித்தேன். முன்னாள் நகராட்சித் தலைவர் என்பதை நானே அந்த அறையில் சத்தமாகச் சொன்னேன்.

"காலையில் நீங்கள் எந்தத் தேர்தலிலும் ஜெயித்ததில்லை என்றீர்கள்" என்றார் அரசு வக்கீல்.

"ஜெயிச்சதில்ல. இது எங்க அத்தான் அடிச்ச பேனர். எடுத்துடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன். சும்மா இரும்மா, ஃபங்ஷன்னா எல்லாரும் இப்படித்தான் போடுவாங்கன்னுட்டாரு."

நீதிபதி எதையோ எழுதிக்கொண்டார். அவர் எழுதினாலே எனக்குப் பயம்.

அரசு வக்கீல் விடவில்லை. சரி, பேனர் கிடக்கட்டும், நீங்கள் உண்மையிலேயே பிரசாரம் செய்தீர்கள் என்பதற்கு ஒருவராவது சாட்சி சொல்லலாமே என்றார். நீங்கள் அளவெடுக்கப் போன வீடுகளில் ஒரே ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள், அவரிடமிருந்து ஒரு கடிதம் வரவழைக்க அவகாசம் கேட்கலாம் என்றார். நியாயமான கேள்விதான். கேட்டவருக்கு அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

ராஜாத்தி பேசவில்லை. மௌனத்தை மொழிபெயர்க்க முடியாது. நானும் சும்மா நின்றேன். பதில் சொல்ல வேண்டும் என்றார் நீதிபதி.

"அங்க ஸ்டேஷன்லயும் இதத்தான் கேட்டாங்க. நான் சொல்லல. இங்க சொல்றதா இருந்தா அங்கயே சொல்லியிருப்பேனே. அடியாவது மிச்சமாகியிருக்கும்."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "நான் சொல்லவில்லை" என்று என் வாயால் சொல்லும்போது குரல் இடறியது. டுவார்ட்டே கடைசி பெஞ்சில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். இந்த நீதிமன்றத்தில் சொல்வது ரகசியமாகவே இருக்கும் என்று சொன்னார். பெயர் சொல்லாவிட்டால் உங்கள் வழக்குக்குப் பாதகமாகலாம், புரிகிறதா என்றும் கேட்டார். அவர் பேசப் பேச ராஜாத்தியின் காதோரம் தமிழில் சொன்னேன்.

"புரியுதுங்க. ரகசியம்னு நீங்க சொல்றத நம்புறேன். ஆனா அந்த வீடுங்கள்ள நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

மதிய இடைவேளை விட்டார்கள். தாழ்வாரத்தில் ராஜாத்தி தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வக்கீலம்மா போனில் இருந்தார். சந்திரன் சாட்சி என்பதால் தள்ளி இன்னொரு அறையில் உட்காரவைத்திருந்தார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது ராஜாத்தி எழுந்து வந்தார்.

"அக்கா, நான் சொன்னது தப்பாப் போச்சா?"

"நான் உங்களோட பேசக் கூடாதும்மா. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அதைவிட அசிங்கமாக நான் எந்த நாளும் உணர்ந்ததில்லை. விதி சரியானதுதான், இன்று கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். அதற்காக வலிக்காமல் இருக்குமா? காரில் உட்கார்ந்து கொண்டுபோன தயிர்சாதத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினேன்.

மதியம் சந்திரன் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஆங்கிலத்திலேயே பேசினார். அதனால் என் வேலை, அவர் சொல்வதை ராஜாத்தியின் காதில் தமிழில் சொல்வது. பேனரைப் பற்றிக் கேட்டார்கள். அவர் சொன்னது, "நான்" என்றே என் வாய் வழியாக மச்சினியின் காதுக்குப் போயிற்று.

"நான்தான் எழுதினேன். தோத்துப்போன கேண்டிடேட்னு போட்டா ஹாலுக்கு யாரு வருவாங்க? எனக்கும் கொஞ்சம் கௌரவமா இருக்கட்டும்னு போட்டேன். அவ வேணாம்னுதான் சொன்னா."

ராஜாத்தி குனிந்தபடி இருந்தார். அதுவரை பரவாயில்லை. அடுத்து அரசு வக்கீல், அவருடைய விரல்களுக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும். தையல் மெஷினில் மாட்டிக்கொண்டது."

இதையும் நான்தான் அவர் காதில் சொன்னேன். ராஜாத்தி கண்ணை மூடிக்கொண்டார். வக்கீலம்மாவின் முகம் வெளிறிவிட்டது. சொந்தச் சாட்சியே காலை வாரிவிட்டார். காலையில் போலீஸ் அடித்தது என்கிறார் இவர். மதியம் தையல் மெஷின் என்கிறார் வீட்டு மனிதர். இதற்குமேல் எந்த நீதிபதி நம்புவார்? முடிந்தது என்றே நினைத்தேன்.

"அப்படி யார் சொன்னார்கள்?" என்று கேட்டது நீதிபதி.

"அவளேதான் சொன்னாள். அவள் அக்காவிடமும் அப்படித்தான் சொன்னாள்."

"காவல் நிலையத்தில் நடந்ததைப் பற்றி உங்களிடம் எப்போதாவது சொன்னாரா?"

"காவல் நிலையமா?" சந்திரன் நீதிபதியைப் பார்த்தார். பிறகு வக்கீலம்மாவைப் பார்த்தார். அப்புறம், கோர்ட்டில் இருப்பதையே மறந்து மச்சினி பக்கம் திரும்பித் தமிழில் கேட்டுவிட்டார்: "ராஜாத்தி, போலீஸா உன் கைய இப்படிப் பண்ணாங்க? ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

சாட்சி அப்படிப் பேசக் கூடாது. நீதிபதி தடுப்பார் என்று பார்த்தேன்; தடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

ராஜாத்தி பதில் சொன்னார், அதையும் சொன்னேன். "சொன்னா நீங்க நாலு பேருகிட்ட சொல்லுவீங்க அத்தான். அதையும் பேனர்ல போடுவீங்க. அங்க இருக்கறவங்க காதுக்குப் போயிடும். அப்புறம் திரும்ப அந்தத் தெருவுக்கு ஆளுங்க போவாங்க."

சந்திரன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தனை பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். டிஷ்யூவைக் கோர்ட் ஊழியர்தான் எடுத்துக் கொடுத்தார்.

நீதிபதி அன்றே தீர்ப்புச் சொன்னார். நீளமான தீர்ப்பு, எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. சாரம் இதுதான்: பொய்க்கதை கட்டுகிறவர்கள் முதலில் தங்கள் சாட்சிக்காவது கதையைச் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டி வருவார்கள். இந்த மனிதருக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. பேனரில் இருந்த பொய் அவர் எழுதியது, இந்தப் பெண் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். பெயர்களைச் சொல்ல மறுத்ததை நான் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு, "நான் உங்களுக்கு இந்த நாட்டில் அடைக்கலம் அளிக்கிறேன்" என்றார். அதை நான் தமிழில் சொன்னேன். எத்தனையோ ஆண்டுகள் எத்தனையோ பேருடைய "நான்" என் வாயில் ஏறியிருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான். அரசு வக்கீல் மேல்முறையீடு இல்லை என்று சொல்லிவிட்டுக் காகிதங்களை அடுக்கினார். நான் என் குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்து, ஃப்ரீவேயில் ஏறிய பிறகு ஒருபாட்டம் அழுதேன்.

நேரில் போவதில் என்ன வித்தியாசம் என்று கேட்ட பெண்ணுக்கு இதுவே பதில். சந்திரன் முகம் திரும்பிய திசையை வீடியோவில் யாரும் பார்த்திருக்க முடியாது. அவ்வளவுதான், இதற்குமேல் தத்துவம் எதுவும் என்னிடம் இல்லை.

ஆனால் கதை முடியவில்லை. வழக்கு நடந்து பல வருடங்களுக்குப் பிறகு, நான் ஓய்வு பெற்றிருந்த சமயம். அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. வீட்டு முன்னாலிருக்கும் புல்வெளியில் உதிர்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய பெண்மணி கையில் நோட்டீஸ் கட்டோடு வந்து, ஊர்ப் பள்ளிக்கூடங்களை நிர்வகிக்கும் பள்ளி போர்டுத் தேர்தலில் நிற்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். கொண்டை அப்படியே இருந்தது. வெளியிடத்தில் கட்சிக்காரரைப் பார்த்தால், அவர்களாக அடையாளம் காட்டாதவரை நாம் தெரிந்ததுபோலக் காட்டக் கூடாது. நான் இலை வாரும் கம்பைப் பிடித்தபடி நின்றேன்.

பேச்சை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "அக்கா? கோர்ட்ல வந்த அக்காதானே?"

"நீங்க சொன்னா ஆமா" என்றேன்.

சிரித்துவிட்டார். நோட்டீஸைக் கொடுத்தார். வழவழப்பான தாள், அவர் போட்டோ, அவர் பெயர், பளிச்சென்று. "சிட்டிசன் ஆயிட்டேன் அக்கா. ஸ்கூல் கேண்டீன்ல வேல பாத்தேன், எல்லாப் புள்ளைங்களும் தெரியும். எனக்கு ஓட்டுப் போடுங்கக்கா" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. "கண்டிப்பாப் போடறேன்" என்றேன்.

உடனே அவர் ஒரு அடி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினார். "போடுங்க. ஆனா வெளிய யாருகிட்டயும் சொல்லிக்காதீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

காரின் பின்பக்கம், வயர்க் கால் வைத்த தேர்தல் அட்டைகள் அடுக்கியிருந்தன. இங்கே ஆதரிக்கிறவர்கள் வீட்டு முன்னால் நட்டுவைப்பார்களே, அவைதான். கட்டு பிரிக்காமலே கிடந்தது.

"அதுல ஒண்ணு குடுங்க" என்றேன்.

"உங்க வீட்டு முன்னாடியா? வேணாங்க்கா. போறவங்க வர்றவங்க பாப்பாங்க. இன்னார் வீடுன்னு தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்னுதான் கேக்குறேன்."

"அத்தான் நெறைய அடிச்சுக் குடுத்துட்டாரு. யாரு வீட்லயும் வைக்கச் சொல்லிக் கேக்க எனக்கு மனசு வரல" என்றார். ஆனாலும் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். மடங்காத விரல்களோடு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புல்வெளியைத் தாண்டி, கராஜுக்குப் பக்கவாட்டில், தெருவிலிருந்து யார் கண்ணுக்கும் படாத புதர் மறைவில் பார்த்துப் பார்த்து நட்டார். நட்டுவிட்டு, "இங்க இருக்கட்டும்க்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

கார் திரும்பி மறையும்வரை கையசைத்துக்கொண்டு நின்றேன். பிறகு புதருக்குள் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து, புல்வெளியின் விளிம்பில், தெருவைப் பார்த்து நட்டேன்.